வீட்டில் எலித் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலி வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் போவது கடைக்கு. மருந்தோ பொறியோ வாங்கி வருகிறார்கள். எந்த எலி, எந்த வழியாக வந்தது என்பதைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம்.

எங்க வீட்டுல ஓடுறது சுண்டெலியா, இல்ல பெரிய எலியோட குட்டியா?

தலையையும் பாதத்தையும் பாருங்கள். பெரிய எலியின் குட்டிக்கு உடம்புக்குப் பொருந்தாத அளவு தலை பெரிதாக இருக்கும்; பின்னங்கால் பாதம் நீளமாக, வால் தடிப்பாக இருக்கும். சுண்டெலிக்குத் தலை சிறியது, பாதம் சிறியது, காது மட்டும் பெரியது. வாலை விட்டுவிட்டு அளந்தால் 7 முதல் 10 செ.மீ., எடை 12 முதல் 30 கிராம். வாலும் ஏறக்குறைய உடம்பின் நீளமே இருக்கும்.

பரணிலும் ஓட்டிலும் ஓடுகிற வீட்டு எலிக்கு வால் உடம்பைவிட நீளம். கேபிள் வயரைப் பிடித்துக்கொண்டே மாடிக்கு ஏறிவிடும். சாக்கடை எலி தடியானது; காது சிறிது, வால் உடம்பைவிடக் குட்டை, கீழ்த்தளத்தை விட்டு அதிகம் மேலே வராது. தோட்டத்தில் வளை தோண்டி வாசலில் புது மண்ணைக் குவித்து வைப்பது பெருச்சாளி. இந்த நான்கில் எது என்று தெரிந்தால்தான் கீழே வரும் பதில்கள் பயன்படும்.

கண்ணுல படவே மாட்டேங்குது. புழுக்கையை வெச்சு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சுண்டெலியின் புழுக்கை சீரகம் அளவு, 3 முதல் 6 மி.மீ., இரு முனையும் கூர்மை. வீட்டு எலியுடையது ஒரு செ.மீ.க்குச் சற்று மேல், முனை கூராக லேசாக வளைந்திருக்கும். சாக்கடை எலியுடையது இன்னும் பெரிது, முனை மொட்டையாக இருக்கும். ஒரு சுண்டெலி ஒரு நாளில் 50க்கு மேல் போடும் என்பதால், நிறையக் கிடப்பதைப் பார்த்து நிறைய எலி இருப்பதாக முடிவு கட்ட வேண்டாம்.

நம் ஊரில் பலர் பல்லி எச்சத்தைப் பார்த்துவிட்டு எலி மருந்து வாங்குகிறார்கள். பல்லி எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளையாக ஒரு புள்ளி ஒட்டியிருக்கும். எலிப் புழுக்கையில் அது இருக்காது. காய்ந்த புழுக்கையை ஒரு குச்சியால் அழுத்தும்போது பூச்சி இறக்கையின் துணுக்குகளோடு பொடியாக உதிர்ந்தால் அது வௌவாலுடையது. கையால் தொட வேண்டாம்.

ராத்திரி கீச்கீச்னு கத்திக்கிட்டு சுவரோரமா ஓடுது, ஒரு மாதிரி நாத்தமும் அடிக்குது. அதுவும் எலிதானே?

இல்லை, அது மூஞ்சூறு. நீண்டு கூர்மையான மூக்கு, இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவு சின்னக் கண், சுவரை உரசியபடி கத்திக்கொண்டே ஓட்டம், கஸ்தூரி போன்ற காட்டமான வாடை. எலி இனத்தோடு அதற்கு உறவில்லை. கரப்பான், வண்டு, புழு போன்றவைதான் அதன் உணவு. வயரைக் கடிக்காது, அரிசி மூட்டையை ஓட்டை போடாது.

இதைக் கொல்லத் தேவையில்லை. மூஞ்சூறு தினமும் வந்தால் அந்த வீட்டில் கரப்பான் மிகுதி என்று அர்த்தம். கதவடி இடைவெளியை அடைத்தால் வராது. எலிக்கென்று வைக்கும் தானிய மருந்தை அது சீந்துவதுகூட அரிது.

ஒண்ணைப் பிடிச்சாச்சு. அடுத்த வாரமே இன்னொண்ணு. எத்தனைதான் இருக்கும்?

குளிர் நாடுகளில் வெளியே வாழும் எலிகளின் இனப்பெருக்கம் குளிர்காலத்தில் தளரும். நமக்கு அந்த இடைவெளி இல்லை. வருடம் முழுக்கக் குட்டி போடும். சுண்டெலிக்குச் சினைக்காலம் சுமார் 3 வாரம், ஓர் ஈற்றில் 5 முதல் 8 குட்டி, அந்தக் குட்டி 6 முதல் 8 வாரத்தில் தானும் ஈனத் தயார். எனவே 'ஒரே ஒரு எலிதான்' என்று நினைத்து ஒரு பொறியோடு நிறுத்துவது சரிவராது.

இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைகளில் தண்ணீர் ஏறும்போதும், வயல் பக்கத்து ஊர்களில் அறுவடை முடிந்ததும், வெளியே இருந்தவை வீடு தேடி வரும். வழி திறந்திருக்கும்வரை பிடித்த இடம் காலியாக இருக்காது, அடுத்தது வந்துவிடும்.

வழி எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? எல்லாம் அடைச்சாப்புலதான் இருக்கு.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழைந்துவிடும். அதற்கு 6 மி.மீ. போதும். வீட்டு எலிக்கு அரை அங்குலம். மண்டையோடு நுழைந்தால் உடம்பை நசுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

பார்க்க வேண்டிய முதல் இடம் சமையலறைத் தொட்டியின் அடிப்பக்கம். தொட்டியிலிருந்து இறங்கும் நெளிவுக் குழாய், தரையில் உள்ள பெரிய குழாய்க்குள் சும்மா செருகப்பட்டிருக்கும். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. சாக்கடையிலிருந்து நேராக அலமாரிக்குள் வர இதுவே ராஜபாட்டை. அடுத்து ஏசி செம்புக் குழாய் சுவரைத் துளைக்கும் இடம், எக்ஸாஸ்ட் ஃபேன், கேஸ் டியூப் போகும் துளை, ஜாலி உடைந்த குளியலறை வடிகால், பின்கதவின் அடி. எந்தத் துளை புழக்கத்தில் உள்ளது என்று தெரிய, கசக்கிய செய்தித்தாளை அதில் லேசாகச் செருகி வையுங்கள். காலையில் தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தாலோ கடிபட்டிருந்தாலோ அதுதான். சுவரோரம் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவினால் கால்தடமும் வாலிழுத்த கோடும் தெரியும். அரிசி மாவு தூவ வேண்டாம், தின்றுவிட்டுப் போய்விடும்.

துணி, தெர்மாகோல், ஃபோம் ஸ்ப்ரே எல்லாம் வெச்சு அடைச்சோம். கடிச்சிட்டு வருதே?

வரத்தான் செய்யும். எலியின் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். மரம், பிளாஸ்டிக், தெர்மாகோல், ஃபோம், நைலான் கொசுவலை எதுவும் அதன் முன் நிற்காது.

சின்னத் துளைக்கு: பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரை இறுக்கமாகத் திணித்து, மேலே ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையைப் பூசுங்கள். சாதாரண இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்து ஒரே மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். நாரை வெறுமனே செருகி நிறுத்தினால் இழுத்துப் போட்டுவிடும், பூச்சு அவசியம். காற்றுப் போக வேண்டிய இடங்களுக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள ஜிஐ வெல்டு மெஷ்ஷை (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய கம்பிவலை) ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். தொட்டிக் குழாயின் இடைவெளிக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் நம்பாமல், சுற்றிலும் எம்-சீல் வைத்து மூடுங்கள். கதவடிக்கு அலுமினியப் பட்டை. தரைக்கும் பட்டைக்கும் நடுவே பென்சில் நுழையக் கூடாது.

முதல்ல அடைக்கணுமா, முதல்ல பிடிக்கணுமா? உள்ளே இருக்கும்போதே அடைச்சா உள்ளேயே செத்துடாதா?

இந்தப் பயம் நியாயமானதே. ஒன்றைத் தவிர மற்ற எல்லா வழியையும் முதல் நாளே அடைத்துவிடுங்கள். மிச்சம் வைத்த அந்த ஒன்றின் அருகிலும் சமையலறையிலும் பொறிகளை வையுங்கள். பவுடரில் மூன்று இரவு தொடர்ந்து தடம் விழாவிட்டால் கடைசி வழியையும் மூடுங்கள். அதன்பிறகும் ஒரு வாரம் பொறியை எடுக்க வேண்டாம்.

சுண்டெலியின் விஷயம் வேறு. அது வீட்டுக்குள்ளேயே பீரோவுக்குப் பின்னாலோ பழைய துணி மூட்டையிலோ கூடு கட்டியிருக்கும். நடமாட்டம் கூட்டிலிருந்து 10 மீட்டருக்குள்தான். அதற்கு வெளிவழியை விட்டு வைக்கும் ஏற்பாடு வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே பொறி வைத்தால் போதும்.

எங்களுது ஓட்டு வீடு. எத்தனை ஓட்டையைத்தான் அடைக்க முடியும்?

ஓட்டை அடைக்கப் போனால் முடிவே இல்லை. அங்கே ஏறும் வழியைத்தான் வெட்ட வேண்டும். கூரையைத் தொடும் முருங்கை, கொய்யாக் கிளைகளை ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்படி கழித்துவிடுங்கள். தென்னை கூரையை ஒட்டி நின்றால் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல், மரத்தைச் சுற்றி இரண்டடி அகலத் தகரத்தை வழுவழுப்பாகக் கட்டுங்கள். ஏறும் எலி அதில் நகம் பதியாமல் சறுக்கும். சுவரும் கூரையும் சேரும் இடத்துக்கு, மேலே சொன்ன மெஷ்.

உணவை எட்டாமல் வைப்பது ஓட்டு வீட்டில் பாதி வேலை. நெல், அரிசி, பருப்பு, கோழித் தீவனம் எல்லாம் மூடி இறுகும் தகர டின்னிலோ எவர்சில்வர் தூக்கிலோ. பிளாஸ்டிக் வாளி போதாது. சாப்பிட்ட தட்டை ராத்திரி கழுவி வையுங்கள். ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் தீனி இருந்தால் வயிறு நிறைந்துவிடும், தண்ணீர் தனியாகக் கிடைக்காவிட்டாலும் தாங்கும்.

பொறியில எதை வெச்சா விழும்? மசால் வடையா, கருவாடா?

வீட்டு எலிக்கு இரண்டும் நன்றாக எடுபடும். சுட்ட தேங்காய்ச் சில்லு இரண்டையும்விட வசதி. வாசனை தூக்கலாக வரும், கொக்கியில் கெட்டியாக நிற்கும், மறுநாள் ஊசிப்போகாது. சுண்டெலிக்கு வேர்க்கடலை வெண்ணெய் அல்லது பிசைந்த கடலை மிட்டாய், பட்டாணி அளவு. அதிகம் வைத்தால் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும். கொக்கியில் ஒட்டிக்கொள்ளாத துண்டு எதுவானாலும் நூலால் கட்டிவிடுங்கள்; அப்போதுதான் இழுக்கும்போது விசை அவிழும்.

அடிக்கும் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். நடுக்கூடத்தில் வைத்தால் பயனில்லை. எலி சுவரை உரசியே போகும். சுண்டெலிக்கு 2 மீட்டருக்கு ஒன்று வீதம், முதல் இரவே ஐந்தாறு பொறி. ஒரு பொறியைப் பத்து நாள் வைப்பதைவிட ஆறு பொறியை இரண்டு நாள் வைப்பது பலன் தரும்.

கூண்டுல வெச்ச இரை காணாமப் போகுது, எலி மட்டும் மாட்ட மாட்டேங்குது. சில நாள் பக்கத்துலயே வர்றதில்ல.

இரண்டு குறைக்கும் இரண்டு காரணம். இரை காணாமல் போனால் அது அநேகமாகச் சுண்டெலி. பெரிய எலிக்கான கம்பிக்கூண்டில் கொக்கியை இழுக்கும் எடை அதற்கு இல்லை. கதவு விழுந்தாலும் கம்பி இடைவெளியில் வெளியேறிவிடும். சின்ன அடிக்கும் பொறிக்கு மாறுங்கள்.

பக்கத்திலேயே வராவிட்டால் அது வீட்டு எலி. புதிதாக ஒரு பொருள் வந்தால் சில நாள் ஒதுங்கியே போகும் குணம் அதற்கு உண்டு. சுண்டெலி இதற்கு நேர் எதிர். புதியதை முகர்ந்து பார்க்க அன்று இரவே வரும். வீட்டு எலிக்கு, கதவு விழாதபடி கட்டி வைத்து மூன்று இரவு இரை மட்டும் போடுங்கள். தைரியமாக வந்து தின்னத் தொடங்கியதும் நான்காம் இரவு விசையை ஏற்றுங்கள். பொறியை நாளுக்கொரு இடமாக மாற்றுவதுதான் இதில் பலரும் செய்யும் தவறு.

பசை அட்டை ஈசியா இருக்கே, அதையே வைக்கலாமா?

வேண்டாம். ஒட்டிய எலி உடனே சாகாது. தோல் கிழிய, பயத்தில் மூத்திரம் பெய்துகொண்டு மணிக்கணக்கில் துடிக்கும். அதைக் கையாளும் உங்களுக்கும் அது ஆபத்து. பல்லி, ஓணான், அணில், மூஞ்சூறு, வாசலில் வைத்தால் குருவி வரை ஒட்டிக்கொள்ளும். இதைத் தடை செய்யும்படி இந்திய விலங்கு நல வாரியம் மாநில அரசுகளைக் கேட்டிருக்கிறது. வேறு ஜீவன் ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பசையை இளக்கி எடுங்கள்.

கேக் மருந்து தின்னா தாகம் எடுத்து வெளியே போய்த்தான் சாகும்னு கடைக்காரர் சொல்றாரே?

அப்படி ஒரு மருந்து இல்லை. நீலம், பச்சை, சிவப்பு நிறங்களில் வரும் கட்டிகளில் பெரும்பாலும் இருப்பது 0.005% புரோமடியோலோன். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற எலி மூன்று நாள் கழித்து, ஒரு வாரத்துக்குள் உள்ளே இரத்தம் கசிந்து சாகும். பலவீனமான எலி போவது அதன் பதுங்கிடத்துக்குத்தான்: பரண், ஃபால்ஸ் சீலிங், ஃபிரிட்ஜுக்கு அடி.

அதனால் வீட்டுக்குள் பொறி, வெளியே மட்டும் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலும் திறந்தபடி போடக் கூடாது. இரு பக்கமும் துளையுள்ள பூட்டக்கூடிய பெட்டியில், கட்டியைக் கம்பியில் கோத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலியே தூக்கிக்கொண்டு போய்க் குழந்தை விளையாடும் இடத்தில் போட்டுவிடும். கையுறை போட்டுக் கையாளுங்கள்.

எலி பேஸ்ட், வயல்ல போடுற மாத்திரை இதெல்லாம் சீக்கிரம் வேலை செய்யுமாமே?

இதில் தயவுசெய்து விளையாட வேண்டாம். டியூபில் வந்த பேஸ்ட்டில் இருப்பது 3% மஞ்சள் பாஸ்பரஸ். தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை இருக்கிறது. மாற்று மருந்து இல்லாத விஷம் அது. விழுங்கியவர் முதல் ஓரிரு நாள் தேறிவிட்டதுபோல இருப்பார். அதன்பிறகு கல்லீரல் செயலிழக்கும். 'நல்லாத்தானே இருக்கார்' என்று வீட்டில் வைத்திருந்து இழந்த குடும்பங்கள் ஏராளம். துளி வாயில் பட்டிருந்தாலும் 108ஐ அழையுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மாத்திரை என்பது அலுமினியம் பாஸ்பைடு. கரும்பொடியாக வருவது துத்தநாக பாஸ்பைடு. முதலாவது காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவை விடும். இரண்டாவது ஈரத்திலும் அமிலத்திலும் விடும். மூடிய அறையில் தூங்குபவர் தூக்கத்திலேயே பாதிக்கப்படுவார். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை அழைத்தால் மருந்தின் வேதிப்பெயரைக் கேளுங்கள். 'பாஸ்பைடு' என்று காதில் விழுந்தால் வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயர் சொல்ல மறுத்தாலும் அதே பதில்தான்.

எங்க நாய் கேக் மருந்தை தின்னுடுச்சு, ஆனா ஒண்ணும் ஆகலையே?

முன்பு சொன்னபடி அந்த மருந்து வேலை காட்டவே சில நாள் ஆகும். ஈறில் இரத்தம், கருத்த மலம், சோர்வு தெரியும்வரை காத்திருக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் உறையோடு போங்கள். வைட்டமின் கே1 இதற்கு மாற்று மருந்து, வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். மருந்து தின்ற எலியைப் பூனையோ ஆந்தையோ தின்றாலும் விஷம் அதற்குள் போகும்.

செத்த நாத்தம் வருது, எங்கேன்னு தெரியல.

நம் வெயிலில் நாற்றம் இரண்டாம் நாளே கிளம்பி, எலியின் அளவைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம் நிற்கும். பளபளக்கும் நீல, பச்சை ஈக்கள் எங்கே மொய்க்கின்றன என்று பகலில் பாருங்கள். கிடைத்தால் கையுறையோடு இரட்டைப் பையில் கட்டி அகற்றி, இடத்தை ப்ளீச்சிங் கரைசலால் துடையுங்கள். ஊதுபத்தியும் ஸ்ப்ரேயும் நாற்றத்தோடு சேர்ந்து இன்னும் குமட்டும். காற்றோட்டம்தான் மருந்து.

புழுக்கையைப் பெருக்கித் தள்ளினா போதாதா? எலிக்காய்ச்சல் அதுலதான் வருமா?

காய்ந்த புழுக்கையைப் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர், ஏறக்குறைய ஒன்றரை மேசைக்கரண்டி, கலந்து தெளித்து 5 நிமிடம் ஊறவிட்டுப் பழைய துணியால் அள்ளுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

எலிக்காய்ச்சல் பரவுவது முக்கியமாக மூத்திரத்தால். அது கலந்த தேங்கிய நீரில் வெடிப்போ புண்ணோ உள்ள காலோடு நடந்தால் கிருமி உள்ளே போகும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவத்தல். மழைக்காலக் காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கும்போது வீட்டில் எலி இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்; தொடக்கத்தில் ஆன்ட்டிபயாடிக் தந்தால் குணமாகும், தாமதித்தால் சிறுநீரகம் வரை போகும்.

தூங்கும்போது அப்பா காலை எலி கடிச்சிருக்கு, அவருக்குத் தெரியவே இல்ல. நாய்க்கடி ஊசி போடணுமா?

கடித்தது தெரியவில்லை என்றால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களை எலி கடிப்பது நம் ஊர் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். வீட்டு எலிக் கடிக்கு வெறிநாய்க்கடி ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. முடிவை மருத்துவரிடம் விடுங்கள். எலி போகும்வரை அப்பாவைக் கட்டிலில், காலுறையோடு, தரையில் தொங்காத கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.

கற்பூரம், புதினா எண்ணெய், சுவரில் செருகும் சத்தக் கருவி… எது வேலை செய்யும்?

எதுவும் நிற்காது. கருவியின் ஒலி சுவரையும் பீரோவையும் தாண்டாது. சில நாளில் எலி பழகிவிடும். வாடை காற்றில் கரைந்துவிடும். பாச்சை உருண்டை கூடவே கூடாது: அதில் இருக்கும் நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

பிள்ளையார் வாகனம், கொல்ல மனசு வரல. வேற வழி?

அடைப்பதற்கு யாரையும் கொல்ல வேண்டியதில்லை. வழியையும் தீனியையும் நிறுத்தினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சத்தைக் கூண்டில் பிடித்தால் காலைக்குள் வீடுகளிலிருந்து தள்ளிய இடத்தில் விடுங்கள். வெயிலில் கூண்டோடு வைத்துவிடாதீர்கள். தெருமுனையில் விட்டால் அடுத்த வீட்டுக்குப் போகும், அல்லது உங்களிடமே திரும்பும்.

வாஷிங் மெஷின் வயரையும் கார் வயரையும் கடிச்சிடுது. என்ன செய்ய?

பல மெஷின்களுக்கு அடிப்பாகம் திறந்தே இருக்கும். வாங்கும்போதே அடித்தகடு கேளுங்கள், இல்லையென்றால் மெஷ் வெட்டிக் கட்டுங்கள். மோட்டாரைச் சுற்றிக் காற்றுப் போக வேண்டும், துணியால் அடைக்க வேண்டாம். காரைக் குப்பைத்தொட்டி, செடிப்புதர் ஓரம் நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் எடுக்காத வண்டியின் பானெட்டை இரண்டு நாளுக்கொரு முறை திறந்து பாருங்கள். இலை, பஞ்சு சேர்ந்திருந்தால் கூடு தொடங்கிவிட்டது. அன்றே அகற்றினால் வயர் தப்பும்.

அப்பார்ட்மென்ட்ல எங்க வீட்டை மட்டும் அடைச்சா போதுமா?

உங்கள் வீட்டுக்குள் வராமல் தடுக்க அது போதும். கட்டடத்தை விட்டு விரட்டப் போதாது. குழாய்கள் இறங்கும் டக்ட், உடைந்த சாக்கடைச் சேம்பர் மூடி, குப்பை அறை மூன்றும் சங்கத்தின் பொறுப்பு. கூட்டத்தில் 'எலித் தொல்லை' என்று பொதுவாகப் பேசினால் மருந்து வைக்கும் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். எந்த மூடி உடைந்திருக்கிறது, எந்த டக்ட் கதவு மூடவில்லை என்று படத்தோடு காட்டினால் கொத்தனார் வருவார்.